யாரும் கூப்பிடாத அலுவலகத்துக்கு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என்னை யாரும் அலுவலகத்துக்கு வரச் சொல்லவில்லை.

ஆனாலும் ஏழு மாதங்களாக, திங்கள் முதல் வியாழன் வரை, காலை ஆறு இருபது ரயிலில் ஏறுகிறேன். போக எழுபது நிமிடம், வர எழுபது நிமிடம். ஜெர்மனியில், பிராங்க்பர்ட்டில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை எனக்கு. ஒரு மடிக்கணினியும் ஒரு நாற்காலியும் இருந்தால் அதை எங்கிருந்தும் செய்யலாம். என் குழுவில் மற்ற பதினோரு பேரும் கொரோனா காலத்திலிருந்து வீட்டிலிருந்துதான் செய்கிறார்கள். நான் மட்டும் போகிறேன். கம்பெனி எங்களைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டது என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே நான்கு வருடம் கல்லூரிக்குப் போனவள் நான். வீட்டில் உட்கார்ந்தே எல்லாம் செய்துகொள்ளலாம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். இப்போது அந்த வசதி கையில் இருந்தும் வேண்டாமென்று ரயிலேறுகிறேன் என்றால், காரணம் ஒன்றுதான். பழி வாங்குகிறேன். எழுதிப் பார்த்தால் பெரிய சொல்லாக இருக்கிறது. வேறு சொல் கிடைக்குமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கிடைக்கவில்லை.

2

எங்கள் மகள் யாழினி பிறந்த மறு வருடம்தான் நோய் வந்தது. அப்போது பிராங்க்பர்ட்டிலேயே இரண்டு அறை வீட்டில் இருந்தோம். கதவு உள்ள அறை ஒன்றுதான். அதை என் கணவர் சரவணன் எடுத்துக்கொண்டார். அவருக்கு மீட்டிங் அதிகம். எனக்கு அடுப்படி மேசை. மடியில் குழந்தை, எதிரில் கணினி, பக்கத்தில் கொதிக்கும் குக்கர். அதைக்கூட நான் குறையாக நினைக்கவில்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தானே என்றுதான் நினைத்தேன்.

யாழினிக்கு மூன்று வயது முடிந்தபோது, இனி யாரும் தினமும் அலுவலகம் போகப் போவதில்லை, நகரத்தில் எதற்கு இவ்வளவு வாடகை என்று அவர்தான் சொன்னார். அப்போது பலரும் அப்படித்தான் கிளம்பினார்கள். ரயில் பாதையின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன ஊருக்கு வந்தோம். தோட்டம் இருந்தது. அவருக்கு ஜன்னல் வைத்த அறை இருந்தது. மாத ரயில் பாஸ்களை இருவருமே நிறுத்தினோம். இனிமேல் பயணமே கிடையாது என்று அவர் சொன்னார்.

அவருக்குக் கிடையாது.

எனக்கு ஒரு நாளில் இருந்த பயணங்களைச் சொல்கிறேன். காலையில் யாழினியைக் குழந்தைகள் காப்பகத்தில் விட. திரும்ப. பதினோரு மணிக்கு ரொட்டிக் கடை. வீட்டிலேயே இருப்பதால் அவர் எல்லாவற்றையும் ஆர்டர் போட்டார், நாங்கள் எடுக்காத பார்சல்கள் ஊர் மூலையில் ஒரு கடையில் காத்திருக்கும், அவற்றை எடுத்துவர. மருந்துக் கடை. மூன்று மணிக்கு யாழினியைக் கூப்பிட. நடனம், பல் டாக்டர், யாராவது குழந்தையின் பிறந்தநாள். எல்லாவற்றுக்கும் நடந்தோ பஸ்ஸிலோ போவேன். காதில் மீட்டிங் ஓடும். காப்பக வேலியோரம் நின்று, நான் பேச வேண்டிய முறை வரும்போது மட்டும் மைக்கைத் திறந்து, பின்னால் குழந்தைகள் கத்துவதற்கு மன்னிப்புக் கேட்பேன்.

"நீ எப்படியும் வெளியதான போற, அப்படியே இதையும் வாங்கினு வந்துடு." இதுதான் அந்த மூன்று வருடங்களில் அவர் என்னிடம் அதிகம் சொன்ன வாக்கியம்.

செஞ்சிப் பக்கத்து அனந்தபுரத்திலிருந்து மாமியார் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் சரவணன் வீட்டில் இருப்பார். எனக்குப் போட்டால் நான் தெருவில், காற்று இரைச்சலில், பையோடு இருப்பேன். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்?

"எங்கப் புள்ள வூட்டோட கெடந்து கொழந்தைய பாத்துக்கறான். நீ எப்பப் பாத்தாலும் ரோட்லயே சுத்தினு இருக்குற. இன்னாதான் வேலயோ போ" என்றார் ஒருநாள்.

"பாப்பாவ கூப்பிடப் போறேன் அத்த."

"ஆங், சொல்லு சொல்லு."

அன்று இரவு கணவரிடம் சொன்னேன். சிரித்தார். "அம்மாக்கு இன்னா தெரியும், வுடு" என்றார். அம்மாவிடம் உண்மையைச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது புரியவில்லை.

3

போன மாதம் அம்மா செஞ்சியிலிருந்து பேசும்போது, ஊரடங்கு போட்டு ஆறு வருடம் ஓடிவிட்டது என்றாள். உடனே இருவரும் நைனாவை நினைத்துச் சிரித்தோம். என் அப்பாவுக்கு மோட்டார் பம்புசெட் ரிப்பேர் தொழில். ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்தாலே உடம்புக்கு ஆகாது. கடையைத் திறக்கக் கூடாது என்றதும், சட்டைப் பையில் ஒரு பழைய மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு டிவிஎஸ்ஸில் கிளம்பிவிடுவார். கூட்ரோட்டில் போலீஸ் மறித்தால் சீட்டைக் காட்டி, "மாத்திர வாங்கப் போறேங்க" என்பார். ஊரே அப்படித்தான் சுற்றியது. ஆளுக்கொரு சீட்டு.

பத்து நாள் ஓடியது. பதினொன்றாம் நாள் வந்த போலீஸ்காரர் புதியவர். சீட்டைப் பிரித்துப் படித்தார்.

"இன்னா பெரியவரே, யாருக்கு மாசம்?"

நைனா எடுத்துப் போனது, நான் முன்பு கர்ப்பமாக ஊருக்கு வந்திருந்தபோது செஞ்சியில் பார்த்த பெண் டாக்டரின் சீட்டு. வண்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நைனா கோட்டைப் பக்கமிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தார். வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் செய்தி அதற்குள் தெரிந்திருந்தது.

"ஒங்க நைனாவுக்கு ரெண்டு நாள் வெளிய தல காட்ட முடியல. மூணாவது நாள் வேற சீட்டு எடுத்துனு கெளம்பிட்டாரு" என்றாள் அம்மா. "பொய் சொல்லினு ஊர் சுத்தறது உங்க பரம்பரைக்கே வரும்டி."

அம்மாவுக்கு என் ரயில் விஷயம் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

4

போன வருடம் ஜூனில், யாழினியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அம்மைத் தடுப்பூசிச் சான்று கேட்டார்கள். இங்கே பள்ளியோ அலுவலகமோ, காகிதம் இல்லாமல் எதுவும் நகராது. நான் காகிதங்களை மூன்று முறை சரிபார்க்கிற ஆள். அடுப்பை அணைத்தேனா என்று படியிறங்கிய பிறகு திரும்பி வந்து பார்க்கிற ஆள். சேர்க்கைக்குப் போன அன்று பதற்றத்தில் தலைமையாசிரியையிடம் ஜெர்மன் மொழியில் "நீ" போட்டுப் பேசிவிட்டேன். பேச்சு ஜெர்மனை நான் மகளிடமிருந்து கற்றுக்கொண்டதால் வந்த வினை. யாழினி என் கையைக் கிள்ளினாள். வீடு வரும்வரை காது சூடாக இருந்தது.

தடுப்பூசிப் புத்தகம் சரவணனுடைய கோப்பில் இருக்குமோ என்று தேடியபோதுதான் ஒரு கடித நகல் கிடைத்தது. அவருடைய கம்பெனி வாரத்துக்கு மூன்று நாள் வரச் சொன்னபோது, முழுநேரமும் வீட்டிலிருந்தே வேலை செய்ய விலக்குக் கேட்டு அவர் எழுதியது. விலக்குக் கிடைத்தது எனக்குத் தெரியும். எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்டதில்லை.

நான்கு வரிகள். எங்கள் குழந்தையை முதன்மையாகக் கவனித்துக்கொள்பவன் நான். காப்பகத்தில் விடுவதும் கூப்பிடுவதும் நானே. மருத்துவரிடம் கூட்டிப் போவதும் நானே. என் மனைவி பதற்ற சுபாவம் உள்ளவர், அவரால் தனியாகப் பயணம் செய்ய இயலாது.

உட்கார்ந்து இரண்டாம் முறை படித்தேன். முதல் மூன்று வரி பொய். அது எரிச்சல் தந்தது, அவ்வளவுதான். நான்காவது வரியைத்தான் விரலால் தொட்டு மறுபடி படித்தேன். நான் பதறுகிறவள்தான். அது உண்மை. கல்யாணமான புதிதில், யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லியிருந்தேன்: தெரியாத ஊரில் ரயில் மாறும்போது மூச்சு அடைக்கும் என்று. மூச்சு அடைத்துக்கொண்டேதான் எல்லா இடத்துக்கும் போனேன், வந்தேன். அவர் அந்த உண்மையை எடுத்துப் பொய்க்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

ஒருவேளை அவர் அதை நம்பியே எழுதினாரோ என்றும் நினைத்தேன். ஒருவேளை நான்தான் மிகைப்படுத்துகிறேனோ. இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் ஒரு காலை, பார்சல் கடை வரிசையில் அவருடைய ஓட்டப் பயிற்சி ஷூவுக்காக நின்றபோது, அவர் ஓடுவதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த வரிசையிலேயே முடிவு செய்தேன். சண்டை போட மாட்டேன். கடிதத்தின் முதல் மூன்று வரியையும் உண்மையாக்கிவிடுவேன். அவர் எழுதிய மாதிரியே வாழட்டும்.

பள்ளி தொடங்கிய வாரம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன்.

"எங்க கம்பெனில வரச் சொல்லிட்டாங்க. வாரத்துக்கு நாலு நாள்."

"நாலு நாளா? இன்னாத்துக்கு? கொழந்த இருக்குதுன்னு நீ சொல்லலியா?"

"சொன்னேன். உங்க வீட்டுக்காரர் முழு நேரமும் வீட்லதான இருக்காரு, அப்புறம் இன்னா கஷ்டம்னாங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை.

5

ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோய்க்கு முன்னால் திங்கள் காலைதான் நெரிசல். இப்போது திங்கட்கிழமை பெட்டியில் கால் நீட்டலாம். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நிற்க இடமில்லை. எல்லாக் கம்பெனிகளும் அந்த நாட்களைத்தான் கேட்கின்றன. வெள்ளி மறுபடி காலி. எல்லார் முகத்திலும் இழுத்து வரப்பட்ட களை. நான் மட்டும் அந்தக் கூட்டத்தில் சிரித்த முகமாக நின்றிருப்பேன். ரயில் மாறுமிடத்தில் மூச்சு அடைத்தது. இரண்டாம் வாரமும் அடைத்தது. நவம்பரில் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

அலுவலகத்தில் எங்கள் மாடியில் பாதி மேசைகளை எடுத்துவிட்டார்கள். மீதியிலும் ஆள் இல்லை. நான் போய் விளக்கைப் போட்டு உட்கார்ந்து, வீட்டில் இருக்கும் பதினோரு பேரோடு திரையில் பேசுவேன். வரவேற்பறையில் இருக்கும் பெரியம்மா முதல் மாதம் தினமும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒருநாள் தாங்காமல் கேட்டேவிட்டார்: "வீட்டில் ஹீட்டர் கெட்டுப்போய்விட்டதா?" ஆமாம் என்றேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் சரியான ஆளைக் கூப்பிடச் சொல்லி எனக்கு அறிவுரை சொன்னார்.

கணவரிடமிருந்து செய்திகள் வரும். வெள்ளை டீசர்ட் எங்கே. இன்று பள்ளி சீக்கிரம் விடுகிறார்களாம், இதெல்லாம் உனக்கு முன்பு எப்படித் தெரியும். மதிய டப்பாவில் கடலை வைக்கக் கூடாதாமே, ஏன் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிப்பேன். ஒரு மணி நேரம் கழித்து, "பள்ளி ஆப்பில் இருக்கிறது" என்று பதில் போடுவேன். பார்சல்கள் குறைந்தன. தானே போய் எடுக்க வேண்டும் என்றதும் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

மாமியார் ஒருநாள் நான் ரயிலில் இருக்கும்போது போனில் பிடித்தார். "எம்புள்ள எளச்சிப் பூட்டான். பையத் தூக்கினு காலைலயும் சாயங்காலமும் அலயறான். ஆம்பளயா அவன்?"

"வூட்டோட கெடந்து கொழந்தைய பாத்துக்கறவரு ஆச்சே அத்த. நீங்கதான சொன்னீங்க" என்றேன். அந்தப் பக்கம் அவர் கோழிகளை விரட்டும் சத்தம் கேட்டது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது விழுந்து சிரித்தாள். "ஊர்ல பொய் சொல்லிட்டு வேலைக்குப் போவாம இருப்பானுங்க. பொய் சொல்லிட்டு வேலைக்குப் போறவள இப்பத்தான் பாக்கறேன்." பிறகு குரல் மாறியது. "எவ்ளோ நாளைக்குடி?"

"அவருக்குப் போதும்னு தோண்ற வரைக்கும்."

"அவன் பெரிய ஆளு, தாங்குவான். புள்ள?"

சுரங்கம் வருகிறது, கட் ஆகும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பாதையில் சுரங்கம் கிடையாது.

6

அம்மா கேட்ட கேள்விக்கு விடை எனக்கு ஏற்கெனவே தெரிய ஆரம்பித்திருந்தது.

நான் வீடு சேர மாலை ஆறரை ஆகும். அதற்குள் அவர்கள் இருவருடைய நாள் முடிந்திருக்கும். யாழினியும் அவரும் ஒரு வாத்தியாரைப் போல நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அந்த வாத்தியாரை எனக்குத் தெரியாது. எந்தத் தோழியோடு சண்டை, எவள் பல் விழுந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரிடம் தமிழும் ஜெர்மனும் கலந்து கொட்டுவாள். என்னைக் கண்டதும், "ஒண்ணும் இல்லம்மா, அப்பாவுக்குத் தெரியும்" என்பாள்.

பிப்ரவரியில் அவளுக்குப் பள்ளியில் காய்ச்சல். போன் அவருக்குப் போயிருக்கிறது. டாக்டரிடம் காட்டி, மருந்து கொடுத்து, தூங்கவைத்துவிட்டார். நான் வந்து ஷூவைக் கழற்றும்போதுதான் தெரியும்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லி? எழுவது நிமிஷம் அங்கயே ஒக்காந்து பதறுவ."

அவர் குத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. அப்போதும் நிறுத்தியிருக்கலாம். நாளை முதல் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று இன்னொரு பொய் போதும். ஆனால் நான்காவது வரி அப்படியே கோப்பில் கிடந்தது. அது கிடக்கும்போது நான் நிறுத்தினால், அதை ஒப்புக்கொண்டதாக ஆகும் என்று நினைத்தேன். குழந்தை காய்ச்சலில் கிடக்க, ஒரு காகிதத்தோடு கணக்குப் பார்க்கிற தாய் உண்டா என்றும் கேட்டுக்கொண்டேன். மறுநாள் காலை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு விட்டிருந்தது. ஆறு இருபதைப் பிடித்தேன்.

7

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் மாவட்டப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு கனத்த உறை வந்தது. நோய்க்காலத்துக்குப் பிறகும் வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகும் மக்கள் தினமும் போய்வரும் முறை எப்படி மாறியிருக்கிறது என்று ஆராய்கிறார்களாம். எங்கள் வீட்டையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு புதன்கிழமை, வீட்டில் ஒவ்வொருவரும் வாசலைத் தாண்டிய ஒவ்வொரு முறையையும் நேரம், தூரம், காரணத்தோடு எழுத வேண்டும்.

இப்போதெல்லாம் வீட்டுக் காகிதங்களை அவர்தான் நிரப்புகிறார். மறுநாள் வியாழன் மாலை அடுப்படி மேசையில் உட்கார்ந்து தன் பக்கத்தை எழுதி முடித்தார். "ஒன்போது தடவ போயிருக்கேன்" என்று பெருமையும் அலுப்புமாகச் சொன்னார். பிறகு என் பக்கத்தைத் திருப்பினார்.

"ஆறு இருவது, ரயிலு. காரணம், வேல. அடுத்தது இன்னா கேக்கறான் பாரு: அலுவலகம் கேட்டுப் போனதா, சொந்த விருப்பமா? எதுல டிக் அடிக்கறது? கம்பெனிதான?"

அலுவலகம் என்று சொல்லியிருந்தால் அன்று மாலை வேறு மாதிரி முடிந்திருக்கும். சாம்பாரில் கரண்டியை வைத்தேன்.

"சொந்த விருப்பம்."

"வெளயாடாத. ஆதாரம் கேட்டாலும் கேப்பான்."

"சொந்த விருப்பம்தான். என்ன யாரும் கூப்பிடல. ஏழு மாசமா நானாதான் போறேன்."

பேனாவைக் கீழே வைத்தார். நான் உள்ளே போய் அவருடைய கோப்பை எடுத்துவந்து, அந்த நகலை, போக்குவரத்துப் படிவத்தின் மேல் வைத்தேன். அவர் படிக்கவில்லை. பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"இத எப்ப பாத்த?"

"ஜூன்ல."

"ஜூன்லயா! கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார். "சும்மா ஒரு காரணத்துக்கு எழுதினேன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல. மேல மூணு வரி இப்ப உண்மையாயிடுச்சி. நாலாவது மட்டும் பொய்யாவே இருக்குது. மாத்தி எழுதுங்க."

"இப்பவா? அத யாரு ஞாபகம் வெச்சினு இருக்கப் போறாங்க?"

"நான்."

மடிக்கணினியைத் திறந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். முந்தைய கடிதத்தில் என் மனைவியைப் பற்றி நான் எழுதியது தவறு. அவர் வாரத்தில் நான்கு நாள், தனியாக, போகவர நூற்று நாற்பது நிமிடம் பயணம் செய்கிறார். குழந்தையை நான் பார்த்துக்கொள்வதால் விலக்கு தொடர வேண்டுகிறேன். ஜெர்மனில் ஒரு வினைச்சொல்லை நான் தப்பாகச் சொன்னேன்; அவர் திருத்தவில்லை, சரியாக எழுதிக்கொண்டார். தன் கம்பெனிக்கு அனுப்பியதைத் திரையில் காட்டினார்.

"திருப்தியா? இனிமே போவ மாட்ட இல்ல?"

"போவேன்."

"இன்னும் இன்னா?"

"நான் மூணு வருஷம் அலஞ்சேன். உங்களுக்கு ஏழு மாசம்தான ஆவுது."

அவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். அப்போது யாழினி ஈரத் தலையோடு வந்து அவர் நாற்காலிக் கையில் ஏறி உட்கார்ந்தாள். வியாழக்கிழமைகளில் அவளுக்கு நீச்சல் வகுப்பு.

"அப்பா, அடுத்த வாரம் தண்ணிக்குள்ள இருந்து வளையம் எடுக்கணும். நீ சீக்கிரமே வந்துடு, பாக்கணும்."

"நான் வரேன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. அக்கறையாகத்தான் சொன்னாள். "வேணாம்மா. எந்த வாசல்ல நிக்கணும்னு ஒனக்குத் தெரியாது. நீ தேடுவ."

அவர் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். ஏதாவது பேசியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

வியாழனை மட்டும் விட்டுக்கொடுத்தேன். மற்ற மூன்று நாளும் ரயில்தான், அதில் மாற்றமில்லை. அடுத்த வியாழன் மதியம் அவர் வழி சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன். வகுப்பு முடிய அரைமணி இருக்கும்போதே நீச்சல் கூடத்தின் பெரிய வாசலில் போய் நின்றேன். யாரும் இல்லை. சுற்றி வந்தேன். சைக்கிள் நிறுத்தம், குப்பைத் தொட்டிகள், பூட்டிய ஒரு கதவு, பூட்டாத ஒரு கதவு. திறந்ததும் வெந்நீரும் குளோரினும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே கண்ணாடிக்கு அப்பால் மஞ்சள் தொப்பி போட்ட தலைகள். அதில் ஒன்று என்னைப் பார்த்துவிட்டு, நிஜம்தானா என்று இன்னொரு முறை பார்த்தது. பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கியது.